காசியம்மாவின் இடது கன்னத்துக் கோடு

மலைமேல் போஸ்டிங் போட்டுவிட்டார்களே என்று நாலைந்து பேர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். உட்காருங்கள், பரவாயில்லை. நானும் ஆலங்காயத்திலிருந்து பெட்டியோடு பஸ் ஏறி வந்த அன்று அப்படித்தான் இருந்தேன். பதினோரு வருடம் இந்த ஜவ்வாது மலையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டுத்தான் ரிட்டயர் ஆனேன். ஊசி போடுவது எப்படி, பிரஷர் பார்ப்பது எப்படி என்று சொல்லித்தர என்னை இங்கே கூப்பிடவில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் பேசப்போவது மனுஷர் மூஞ்சியைப் பற்றி. அதைப் பார்க்கத் தெரியாமல் இரண்டு முறை தப்புப் பண்ணியிருக்கிறேன். முதல் தப்புக்கு ஊரே சிரித்தது. இரண்டாவதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கும்.

முதல் தப்பு, நான் வந்த மூன்றாவது மாதம். வேடியப்பன் என்று ஒரு ஆள் விரலில் அரிவாள் வெட்டோடு வந்தார். சாமையும் புளியும் வைத்துப் பிழைக்கிறவர், நாற்பது வயது இருக்கும். கட்டுப் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன், திக்கென்றது. வாய் இடது பக்கம் ஏறியிருந்தது. மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்குமே ஒரு கோடு, அது இடது கன்னத்தில் ஆழமாக இருந்தது. வலது கன்னத்தில் கோடே இல்லை, மொழுமொழுவென்று இருந்தது. பக்கவாதம் வந்தால் முகம் ஒரு பக்கம் செத்துப்போகும், செத்த பக்கத்துக் கோடு அழிந்துபோகும், நல்ல பக்கம் வாயைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்று படித்திருக்கிறோம் இல்லையா? ஆக வலது பக்கம் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். மனுஷன் வாயைத் திறக்க விடவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லீங்க நர்சம்மா" என்று அவர் சொல்லச் சொல்ல, "உங்களுக்குத் தெரியாதுங்க, பேசாதீங்க" என்று ஆம்புலன்ஸில் ஏற்றிக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

அங்கே ஸ்கேன் எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. டாக்டர் கேட்டாராம், "இந்த வாய் எப்பலேர்ந்து இப்படி?" இவர் சொன்னாராம், "பொறந்ததுலேர்ந்துங்க. எங்கப்பனுக்கும் இப்டித்தான், எங்க வகையறாவுக்கே இப்டித்தான்." "அதை ஏன்யா முதல்லயே சொல்லல?" என்று டாக்டர் கத்தியிருக்கிறார். "யாரும் கேக்கலீங்களே!"

மறுநாள் முதல் என் பெயர் போயிற்று. ஜமுனாமரத்தூர் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனால், "தோ, நர்சம்மா வர்றாங்கடா, வாய நேரா வெச்சிக்க, கீழ அனுப்பிடுவாங்க" என்று கிண்டல். நானும் சிரித்துக்கொண்டேதான் வந்தேன், ஆனால் சுருக்கென்று தைத்தது. ஒருவருடைய ஒரு நாள் பிழைப்பைக் கெடுத்தேன். மலைக்கே இருக்கிற ஒரே வண்டியைச் சும்மா ஓட்டினேன். அன்றைக்கு வண்டி தேவைப்பட்டு வேறு யாராவது கிடந்திருந்தால்?

அதற்கப்புறம் மூஞ்சிகளைப் பார்க்கவே ஆரம்பித்தேன். பஸ்ஸில், சந்தையில், புறநோயாளி வரிசையில். ஒரே மாதிரி இரண்டு பக்கம் உள்ள முகம் ஒன்றுகூட இல்லை. எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர் ஏழுமலைக்கு வலது கண்ணோரத்தில் மட்டும் சுருக்கம், ஜன்னல் பக்கத்து வெயில். புகையிலையை எப்போதும் ஒரு பக்கமே அடக்குகிறவர்களுக்கு அந்தக் கன்னம் தொங்கும். ஒரு பக்கம் பல் விழுந்தவர்களுக்கு அந்தப் பக்கம் உள்ளே போய்விடும். காலமெல்லாம் ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்குக் கன்னத்தில் சாய்வாக ஒரு கோடு வரும், நெற்றி வரைக்கும்கூடப் போகும். இதெல்லாம் நோய் இல்லை, பிழைத்த பிழைப்பு. கோணல் என்றாலே நோய் என்று குதிக்கக் கூடாது, முதலில் கூட வந்தவர்களிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். அப்பாடா, பாடம் முடிந்தது என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் பின்னால் என் கழுத்தைப் பிடித்தது.

நாலு வருடம் கழித்து, ஒரு புளி சீசன். மெடிக்கல் ஆபீசர் கேம்ப்புக்காக வேறு ஊர் போயிருந்தார், அங்கே போன் எடுக்காது. எங்கள் நிலையத்திலும் தண்ணீர் டேங்க் பக்கம் போய் நின்றால்தான் சிக்னல் வரும். வார்டில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவ வலி ஆரம்பித்திருந்தது. நான், ஒரு ஆயாம்மா, வாசலில் வண்டியோடு ஏழுமலை, வண்டியில் கூடப் போகிற தம்பி ஒருவர், அவ்வளவுதான் ஆள்.

பதினொன்றேகாலுக்கு வேடியப்பன் பைக்கில் வந்து இறங்கினார். பின்னால் அவர் தங்கை காசியம்மா. நாற்பது தொடாதவள். புருஷன் குடகில் காப்பி எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தான், இரண்டு பிள்ளைகளை இவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா ஆச்சு?" என்றேன்.

"தல சுத்துதுங்க. புளி தட்டிக்கினு இருந்தேன், தடி கைய வுட்டு வுழுந்துடுச்சி."

பேச்சில் லேசாகக் குழறல் இருந்தது. வாயில் வெற்றிலை. துப்பச் சொன்னேன், துப்பிவிட்டு வந்தாள், அப்போதும் கொஞ்சம் குழறியது. கைகளை முன்னால் நீட்டச் சொன்னேன். இடது கை ஒரு விரற்கடை இறங்கியது. "காலைலேர்ந்து அந்தத் தோள்லதாங்க மூட்ட தூக்கினா" என்றார் அண்ணன். பிரஷர் கூடுதலாக இருந்தது. முகத்தைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் ஏறியிருந்தது. மற்றப் பக்கம் கோடில்லாமல் வழவழவென்று, அந்தப் பாதிக்கு மட்டும் பத்து வயது குறைந்ததுபோல இருந்தது.

அண்ணன் பக்கம் திரும்பினேன். கேட்டேன், "இந்த வாய்..."

வேடியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "நர்சம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், மறுபடியும் ஆரம்பிக்காதீங்க. அவளும் எங்கப்பனுக்குப் பொறந்தவதாங்க. எங்க வூட்டு மூஞ்சியே அதான்."

"எப்பவும் இப்படித்தானா? இதே பக்கமா?"

"தோ, நீங்களே பாருங்க." போனை எடுத்துத் தள்ளித் தள்ளி ஒரு போட்டோவைக் காட்டினார். போன மாதம் ஒரு கல்யாணத்தில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து எடுத்துக்கொண்ட செல்பி. பெரிதாக்கிப் பார்த்தேன். காசியம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். போனை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். போட்டோவில் வாய் என் இடது கைப் பக்கம் ஏறியிருந்தது. எதிரில் உட்கார்ந்தவளுக்கும் அதே என் இடது கைப் பக்கம்தான். ஒரு வித்தியாசமும் இல்லை.

எனக்கு அப்போது வந்தது நிம்மதி. அதை மறைக்க மாட்டேன். அனுப்ப வேண்டாம், சந்தையில் சிரிக்க மாட்டார்கள், பிரசவத்துக்கு வண்டி இருக்கும் என்று மூன்று நிம்மதியும் ஒன்றாக வந்தன. கேட்டேன், பார்த்தேன், ஒப்பிட்டேன், இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? "பிரஷர்தாம்மா, மாத்திரை தர்றேன், வூட்டுக்குப் போய்ப் படு, சாயங்காலம் வந்து காட்டு" என்றேன். அவர்கள் பாஷை எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தேன். பக்கவாதம் என்று சந்தேகம் இருக்கிற ஆளுக்கு விழுங்க எதுவும் கொடுக்கக் கூடாது என்று உங்களுக்கே தெரியும். அதுவும் என் தப்புத்தான்.

அவள் குடித்தாள். தண்ணீர் வழவழ பக்கத்து வாயோரம் வழிந்து ரவிக்கையில் சொட்டியது. அவளுக்கு அது தெரியவே இல்லை. நான் சொன்ன பிறகுதான் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிரசவ வார்டிலிருந்து ஆயாம்மா கூப்பிட்டாள். நான் உள்ளே போனேன். இவர்கள் வெளியே போனார்கள்.

வார்டில் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், என் மனசு அங்கே இல்லை. என்னவோ ஒன்று இடறுகிறது. தண்ணீர் வழிந்தது மட்டும் இல்லை. அவள் முந்தானையால் துடைத்தபோது மூக்குத்தி மின்னியது. ஏறியிருந்த உதட்டுக்கு நேர் மேலே மின்னியது. போட்டோவிலும் மூக்குத்தி இருந்ததே, அது எங்கே இருந்தது? வழவழ கன்னத்தின் பக்கம் இருந்ததா, இல்லையா? நான் பார்த்தேனா, கற்பனை பண்ணுகிறேனா?

ஓடினேன். ஐம்பத்து மூன்று வயதில் செருப்பு ஒரு பக்கம் பறக்க ஓடினேன். பைக் ஸ்டார்ட் ஆகி கேட்டுப் பக்கம் போய்விட்டது. "ஏழுமல, கேட்ட மூடு!" என்று கத்தினேன். அவன் காரணம் கேட்கவில்லை, பைக்குக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டான்.

"இன்னாங்க இது பேஜாரு!" என்று வேடியப்பன் எகிறினார்.

"போனைக் குடுங்க. அந்தப் போட்டோ."

"பாத்தாச்சே நர்சம்மா!"

"குடுய்யா!"

மரியாதையெல்லாம் பறந்துவிட்டது எனக்கு. கொடுத்தார். பெரிதாக்கினேன். போட்டோவில் வாய் ஏறியிருந்த பக்கம் மூக்குத்தி இல்லை. மூக்குத்தி இருந்த பக்கம் கன்னம் வழவழப்பு. நிமிர்ந்து காசியம்மாவைப் பார்த்தேன். வாய் ஏறியிருந்ததே மூக்குத்திப் பக்கம்தான்.

"இவளுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்? எப்பவாவது மாத்திக் குத்தினீங்களா?"

"அதெப்டிங்க மாத்துவாங்க? சின்னப்புள்ளையில குத்தினது. வலதாண்டதான்."

"போட்டோவுல ஏன் அந்தாண்ட இருக்கு?"

ஏழுமலை எட்டிப் பார்த்தான். "யக்கா, செல்பி எடுத்தா சில போன்ல கண்ணாடி மாதிரி திருப்பித்தான் காட்டும். எங்க வண்டி முன்னால பேர திருப்பி எழுதிக்கீறது இன்னாத்துக்கு? முன்னால போறவன் கண்ணாடில பாத்தா நேராத் தெரியறதுக்குத்தானே? அதேதான் இதுவும்."

ஆக, போட்டோ வலத்தை இடமாகவும் இடத்தை வலமாகவும் காட்டியிருக்கிறது. நான் ஒப்பிட்டது அவள் முகத்தை இல்லை, கண்ணாடிக்குள் இருந்த முகத்தை. போன மாதம் வரை அவள் வாய் மூக்குத்திக்கு எதிர்ப்பக்கம், அதாவது இடது பக்கம் ஏறியிருந்தது. இன்றைக்கு வலது பக்கம் ஏறியிருக்கிறது. பிறந்ததிலிருந்து ஆழமாக இருந்த இடது கன்னத்துக் கோடு இன்றைக்கு இல்லை. இடது பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. மூட்டை தூக்கிய தோள் என்று நான் நம்பிய அந்தக் கையும் அதோடு போய்க்கொண்டிருக்கிறது.

வேடியப்பனுக்கு நான் விளக்கவில்லை. அவரே பைக்கை அப்படியே சாயவிட்டுவிட்டுத் தங்கை முகத்துக்கு நேரே வந்து நின்றார். விரலால் அவள் இடது கன்னத்தைத் தடவினார்.

"அம்மாடி, இங்க இருந்த கோடு எங்க போச்சு?" என்றார். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. எச்சில்தான் வந்தது.

"கடைசியா எப்ப நல்லாப் பேசினா? சரியா சொல்லுங்க, இதுதான் முக்கியம்."

"பள்ளிக்கூடத்துல இன்டர்வெல் பெல்லு அடிச்சிதுங்க. அப்ப கூட, புள்ளைங்க வெளிய வருதுங்கன்னு சொன்னா. நல்லாத்தான் சொன்னா."

இன்டர்வெல் பெல் பத்து நாற்பது. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மூன்று பத்துக்குள் ஸ்கேன் முடிந்து மருந்து ஏற வேண்டும். இப்போதே பதினொன்று ஐம்பது. அமிர்தி வழியாகக் கீழே இறங்கி வேலூர் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல். அவர்கள் வந்து ஆன முப்பத்தைந்து நிமிஷத்தில் இருபதை நான் வீணாகத் தின்றிருந்தேன்.

வார்டிலிருந்து அலறல் கேட்டது. வண்டியை அனுப்பினால் சாயங்காலம் வரை இந்த மலையில் வண்டி கிடையாது. பிரசவத்தில் ஏதாவது சிக்கலானால் அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? டேங்க் பக்கம் ஓடி மெடிக்கல் ஆபீசருக்குப் போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. திரும்பி வரும் அந்த முப்பது அடி தூரத்தில் நானே முடிவு பண்ண வேண்டியிருந்தது. வார்டுக்குள் போய் இன்னொரு முறை பார்த்தேன். குழந்தை இதயத்துடிப்பு சரி, எல்லாம் ஒழுங்காகப் போகிறது. இங்கே இருப்பது வந்தாலும் வரலாம் என்கிற பயம். அங்கே வந்தே விட்டது.

"ஏத்து" என்றேன்.

வேடியப்பன் வண்டியில் ஏறும்போது ஒரு வார்த்தை கேட்டார். "அன்னிக்கு மாதிரி ஒண்ணும் இல்லாமப் போய்டும் இல்லீங்க?" பரிகாசம் இல்லை, கெஞ்சல். அன்றைக்கு ஊரே சிரித்த அதே தப்பை இன்றைக்கும் நான் பண்ணியிருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். எனக்கும் அதே ஆசைதான்.

வண்டி போன பிறகு கீழே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, பத்து நாற்பது, பத்து நாற்பது என்று மூன்று தடவை சொன்னேன். அப்புறம் பிரசவத்துக்கும் டேங்குக்கும் நடையாக நடந்தேன். ஒரு மணி. இந்நேரம் அமிர்தி தாண்டியிருப்பார்களா? இரண்டு மணி. வளைவில் ஏதாவது லாரி மறித்திருந்தால்? வீட்டுக்குப் போய்ப் படு என்று சொன்ன என் குரலே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அப்படியே போய்ப் படுத்திருந்தால், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் அம்மாவை எழுப்பிப் பார்த்திருக்கும். அந்த நினைப்போடுதான் பிரசவத்துக்கு க்ளவுஸ் போட்டுக்கொண்டேன்.

மூன்றரைக்கு ஏழுமலை கூப்பிட்டான். "யக்கா, ரெண்டேகாலுக்கு உள்ள போனோம். மூணு மணிக்கு மருந்து ஏறிச்சி. கட்டிதானாம்." டேங்க் சுவரில் சாய்ந்து அழுதேன். ஐந்து மணிக்கு வார்டில் பையன் பிறந்தான், சுகப்பிரசவம். அவன் அழும்போது வாய் இரண்டு பக்கமும் சரியாகப் போகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "புள்ளைக்கு இன்னாங்க?" என்று தாய் பயந்தே போனாள்.

ஒரு மாதம் கழித்துக் காசியம்மா நடந்து வந்தாள். பேச்சு திரும்பிவிட்டது. இடது கைப்பிடி மட்டும் முழுதாக வரவில்லை. புளியை இப்போது முட்டிக்கால் நடுவில் வைத்துத்தான் உடைக்கிறேன் என்றாள். இருபது நிமிஷம் முன்னால் அனுப்பியிருந்தால் அந்தக் கையும் வந்திருக்குமா என்று ஒரு டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். எனக்கு அந்தப் பதிலோடுதான் வாழ்க்கை.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "நான்தாங்க முதல்ல வூட்டுக்கு அனுப்பினேன். தப்பு என்னோடது."

"போட்டோ காட்டினது நான்தானே நர்சம்மா" என்றார். காசியம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தாள். இடது உதடு ஏறியது. கன்னத்தில் அந்தக் கோடு பாதிக்குத் திரும்பியிருந்தது.

அடுத்த வாரம் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஏழு பேர். வேடியப்பன், அவர் தம்பிகள், பெரியப்பா மகன், காசியம்மாவின் இரண்டு பிள்ளைகள், எல்லாம் வரிசையாக. "எழுதி வெச்சிக்குங்க நர்சம்மா. யாருக்கு எந்தப் பக்கம் கோணல், எந்தக் கன்னத்துல கோடு. நாளைக்கி யாராச்சும் விழுந்தா போட்டோவத் தேடிக்கினு நிக்க வாணாம்." ஒரே வீடு, ஐந்து பேருக்கு இடது, இரண்டு பேருக்கு வலது. ஒரு பிள்ளைக்குச் சிரித்தால்தான் தெரியும், சிரிக்க வைக்க ஏழுமலை குட்டிக்கரணம் போட வேண்டியிருந்தது. அவர்களைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். பிரஷர், சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் இரண்டு வரியில் எழுதினேன். இடது, வலது என்பது அவரவர் கைப்பக்கம். பார்க்கிறவர் பக்கம் இல்லை. அதை அட்டையிலேயே சிவப்பு மையில் போட்டிருக்கிறேன்.

அந்த நீல அட்டை நோட்டு உங்கள் மருந்து அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. தூசி தட்டி எடுங்கள். வருகிறவர்களிடம் கேளுங்கள், கேட்டதை நம்புங்கள், ஆனால் நிம்மதி வந்த உடனே இன்னொரு முறை பாருங்கள்.

கடைசிப் பக்கத்தில் என் பெயர் இருக்கும். எனக்கும் பிரஷர் வந்துவிட்டது, மாதாமாதம் மாத்திரைக்கு இங்கேதான் பஸ் ஏறி வருகிறேன், கீழே வாங்கினால் ஏனோ திருப்தியாக இல்லை. வலது புருவம் கொஞ்சம் மேலே இருக்கும், அது பிறவி. சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழும். நான் வரும்போதெல்லாம் ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வையுங்கள். குழி விழவில்லையென்றால், எனக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகிறேன் என்று நான் எவ்வளவு சத்தம் போட்டாலும் கேட்டை மூடிவிடுங்கள்.